ரோடு தாண்டுகிற சத்தம்

போன வாரம் புதுப் போன் ஒன்று வாங்கினேன். பழையதின் திரையில் விரிசல் விழுந்து, தொடும்போதெல்லாம் விரல் நுனியைக் கீறத் தொடங்கியிருந்தது. சிங்கப்பூர் தேக்காவில் தெரிந்த கடை. கடைக்காரர் அதன் பெருமைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார். "அக்கா, இதுல நீங்க நடு ரோட்ல நின்னு பேசுனாலும் ரூமுக்குள்ள இருந்து பேசுற மாதிரிதான் கேக்கும். பின்னாடி சத்தம் ஒண்ணும் போவாது."

நல்லதுதானே என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சிராங்கூன் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோடு தாண்டுகிற இடத்தில், சிக்னல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று ஊருக்குப் போன் போட்டேன். கோயில் மணி, பஸ்ஸின் பெருமூச்சு, பூக்கடைக்காரரின் குரல், என் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் டுட் டுட் டுட் என்று கத்துகிற கம்பம். அப்பா எடுத்தார். எடுத்ததும் கேட்டார்.

"என்ன பாப்பா, ரூம்லயா இருக்க? இன்னிக்கு வெளிய போகலையா?"

இல்லப்பா, தேக்காவுலதான் நிக்கிறேன் என்றேன். அப்படியா, சத்தமே இல்லையே என்றார். அதற்குமேல் அன்றைக்குப் பேச்சு ஓடவில்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், முழங்கால் எப்படி இருக்கு, இருக்கு. வைத்துவிட்டோம். புக்கிட் பாஞ்சாங்கில் என் அறைக்குத் திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் எனக்கு ஒரே அசதி. வேலை செய்து வருகிற அசதி இல்லை அது. அந்த அசதியை எனக்கு நன்றாகத் தெரியும், அதற்குக் காலை நீட்டிப் படுத்தால் போதும். இது வேறு.

ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கம்பத்தின் சத்தத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ஊரில் ரோடு தாண்டுகிற இடங்களில் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்போம். விளக்கில் சிவப்பு மனிதன் நின்றுகொண்டிருப்பான். அவன் போய்ப் பச்சை மனிதன் வந்ததும் கம்பம் வேகவேகமாகச் சத்தம் போடும். கண் தெரியாதவர்களுக்காக வைத்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் காதில் அது விழுவதே இல்லை. கேட்டால், அப்படி ஒரு சத்தம் இருக்கிறதா என்பார்கள். எனக்கோ அது விமானம் ஏறுவதற்கு முன்பே தெரியும். எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும்.

அப்பா கிளம்பி வந்தபோது எனக்கு நாலு வயது. துவாஸ் பக்கம் ஒரு கப்பல் யார்டில் சாரம் கட்டுகிற வேலை, பூன் லே தாண்டி விடுதியில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேக்காவுக்கு வந்து, போன் கார்டு விற்கிற கடைக்கு வெளியே நின்று எங்களுடன் பேசுவார். அந்தக் கடை இருந்தது சிக்னலை ஒட்டி. அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் மளிகைக் கடைக்காரர் வீட்டுப் போனுக்கு அவர் அழைப்பு வந்து சேரும். முதலில் அம்மா பேசுவாள். பிறகு ரிசீவரை என் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அந்தப் பக்கம் டுட் டுட் டுட் என்று தொடங்கிவிடும்.

"காசு தீரப்போவுது. சுருக்கப் பேசு" என்பாள் அம்மா.

அவளுக்கு இதை யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் சிங்கப்பூர்ப் போன் வருகிற எல்லா வீட்டிலும் இதுதான் சாஸ்திரம். மணி அடித்தால் காசு முடியப் போகிறது. துபாயில் புருஷனை வைத்திருந்த எதிர்வீட்டு அக்கா, உங்களுக்காவது மணி அடிச்சுச் சொல்றான், எங்களுக்குப் பொட்டுன்னு அறுந்து போவுது என்று பொறாமைப்பட்டிருக்கிறாள். சிங்கப்பூர்க்காரன் எதையும் ஒழுங்காகச் செய்வான் என்று அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

அதனால் நான் வேகமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். ரேங்க், கணக்கில் எடுத்த மார்க், ஆங்கிலத்தில் எடுத்த மார்க், டீச்சர் சொன்னது, காய்ச்சல் வந்தது, விட்டது, ஆண்டு விழாவில் மாறுவேடம், எல்லாம் ஒரே மூச்சில். கமா இருக்காது, புள்ளி இருக்காது. முடித்ததும் அம்மா வாங்கி, வச்சுட்றோம் என்று வைத்துவிடுவாள். அப்பாவுடைய காசை மிச்சப்படுத்திவிட்ட திருப்தி அவள் முகத்தில் இருக்கும்.

மார்க்குதான் எப்போதும் முதல் செய்தி. அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. அப்பா மூன்றாம் வகுப்புவரை போனார். அதையும் அவர் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். எங்கள் வீட்டில் முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். சின்ன வயதில் இதை நானே பலரிடம் சொல்லித் திரிந்திருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன், பாருங்கள்.

பி.காம். முடித்த வருஷம் திருச்சியில் ஒரு ஏஜெண்டைப் போய்ப் பார்த்தோம். குளிர்சாதன அறையில் உட்கார வைத்து, சுவரில் இருந்த உலகப் படத்தைக் காட்டி, எங்கே போக விருப்பம் என்று கேட்டார். ஊறுகாய் எது வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் யோசிக்காமல் சிங்கப்பூர் என்றேன். ஹோட்டல் மேனேஜ்மெண்ட் டிப்ளமோ, படித்துக்கொண்டே பகுதி நேர வேலையும் பார்க்கலாம் என்றார். பக்கத்து நாடு, தமிழ் ஆட்கள் உண்டு, அதனால்தான் பிள்ளை அதைச் சொல்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அப்பாகூட அப்படித்தான் நினைத்தார். உண்மையில் எனக்கு ஹோட்டலும் தெரியாது, மேனேஜ்மெண்டும் தெரியாது. அந்த ஊரில் அப்பா இருந்தார். எனக்கு நினைவு தெரிந்து அவரும் நானும் ஒரே ஊரில் வாழ்ந்ததே இல்லை. லீவில் வருவார், வெயிலில் காய்ந்த துணி மாதிரி ஒரு மாதம் வீட்டில் தூங்கியே கிடப்பார், போய்விடுவார். படிப்பு என்று ஒரு காரணம் கிடைத்ததால் நான் அவரிடம் போனேன். இதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. மார்க்கைத் தவிர வேறு எதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

பள்ளிக்கூடம் என்றால் பெரிய கட்டடமாக இருக்கும் என்று வந்து இறங்கினேன். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இரண்டு மாடி. படிக்கட்டில் தரை கழுவுகிற மருந்தும் மீன் தலைக் கறியும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றும் எங்கேயாவது மீன் தலைக் கறியைக் கண்டால் எனக்கு அட்டெண்டன்ஸ் ஞாபகம்தான் வருகிறது. முதல் நாளே, எங்களைப் போன்ற தனியார் பள்ளி மாணவர்கள் படிக்கிற காலத்தில் எந்த வேலையும் பார்க்கக் கூடாது, பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த சேலத்துப் பெண் அங்கேயே அழுதாள். நான் அழவில்லை. கையெழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும் என்று நினைத்து விதிகளைக் குறித்துக்கொண்டேன். ஏஜெண்டுக்குப் போன் செய்தபோது, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது.

புக்கிட் பாஞ்சாங்கில் நாலு பெண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்தோம். வீட்டுக்காரம்மாவின் ஒரே நிபந்தனை, லைட் குக்கிங். அதாவது அடுப்பைத் தொடக்கூடாது, தாளிக்கக்கூடாது. ரைஸ் குக்கரில் சோறு, அதிலேயே பருப்பு, அதிலேயே ரசம், அதிலேயே முட்டை. குக்கர் இருந்த மேசைக்கு அடியில்தான் என் பெட்டி. என் டிகிரிச் சான்றிதழை எடுத்து முகர்ந்தால் இப்போதும் லேசாக ரசம் மணக்கும்.

ஒருநாள் லிஃப்டில் ஒரு பாட்டியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்த வீட்டில் வேலை செய்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வேலைக்காரி இல்லை, நான் ஒரு மாணவி, ஏற்கனவே ஒரு பட்டம் பெற்றவள், இப்போது மேற்படிப்புக்காக வந்திருக்கிறேன் என்று எழுவாய் பயனிலை பிசகாமல் ஆங்கிலத்தில் தொடங்கினேன். பட்டத்துக்கு வருவதற்குள் அவர் ஆறாவது மாடியில் இறங்கிப் போய்விட்டார். மீதியைக் கதவுக்குச் சொன்னேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனதைச் சொல்ல வேண்டும். சலவை செய்த சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் போனதும் இரும்புத் துருவும் தைலமும் கலந்த மணம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்தத் துரு போகாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வா பாப்பா என்றார். என் பையை வாங்கிக்கொண்டார். ரோட்டைத் தாண்டுவதற்காக நின்றோம். பச்சை மனிதன் வந்தான். கம்பம் கத்தியது.

என் வாய் தானாகத் திறந்தது. காசு தீரப்போகிறது, சுருக்கப் பேசு. எதைப் பேசுவது என்று தெரியாமல் நடுரோட்டில் அவர் பின்னால் ஓடினேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் சத்தம் நின்றது. திரும்பி அந்தக் கம்பத்தையே பார்த்தேன். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டை விரட்டிக்கொண்டிருந்தது இதுதானா. சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. எங்களைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்று ஒரு கூச்சம்.

அப்பாவின் ஊர்க்காரர்கள் கூடுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு புல் தரையின் ஓரம், வேலியை ஒட்டி. அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டோம். இன்னும் கொஞ்சம் வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காகம் பார்த்தோம். மைனா பார்த்தோம். மறுபடியும், இன்னும் கொஞ்சம் வாங்கட்டுமா என்றார். எனக்கும் அவருக்கும் பேச ஒன்றுமே இல்லை. நான் மெதுவாக யோசித்துப் பேசுகிறவள் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அப்பாவின் அறைக்கூட்டாளி முருகேசன் மாமா சற்றுத் தள்ளிப் படுத்திருந்தார். நக்கல் பிடித்த மனிதர். எங்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என்னண்ணே, எம் பொண்ணு பேச ஆரம்பிச்சா ரயிலுன்னு ரூமே அதிரச் சொல்லுவீங்க. ரயிலு ஸ்டேஷன்லயே நிக்குதே?"

"இப்பதான வந்துருக்கு. களைப்பா இருக்கும்" என்றார் அப்பா.

"எனக்கென்னமோ கூட்ஸு வண்டி மாதிரி தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் முகத்தில் ஒரு குழப்பம் இருந்ததைப் பார்த்தேன். படித்த பிள்ளை அல்லவா, அதனால்தான் அப்படி ஓட்டமாகப் பேசுகிறது என்று இத்தனை வருஷம் அறை முழுக்கப் பெருமை பேசியிருக்கிறார். வந்து நின்றது வேறு யாரோ.

சாயங்காலம் விடுதிக்குப் போகிற பஸ்ஸுக்காக அவர் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். நான் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். படியில் இறங்கும்போது போன் அடித்தது. அப்பாதான். பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு பேசினார் பாருங்கள். ரூமில் பெண்கள் எப்படி, குக்கரில் கை சுட்டுக்கொள்ளாதே, யார்டில் புது சூப்பர்வைசர் ஒரு வங்காளத்துக்காரர் பாடிக்கொண்டே வேலை வாங்குவார், பூன் லே மார்க்கெட்டில் மீன் மலிவு. நானும் பேசினேன். பஸ் விடுதி வாசலுக்குப் போய்ச் சேர்கிறவரை பேசினோம். போன் என்றால்தான் எங்களுக்கு அப்பாவும் மகளுமாக இருக்கத் தெரிந்தது. நேரில் பார்த்தால் ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேர் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். புல்வெளியில் மௌனம், பஸ்ஸில் பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது. இல்லை, போதவில்லை, ஆனால் இன்னும் கொஞ்ச நாளில் நேரிலும் பேச்சு வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குத்தானே வந்தேன்.

வகுப்புகள் முடிந்து, ஒரு ஹோட்டலில் பயிற்சிக்குப் போட்டார்கள். பயிற்சி என்பது பெயர். தட்டு தூக்கி, மேசை துடைத்து, நாப்கினை விசிறி மாதிரியும் தாமரை மாதிரியும் மடித்து, நின்றுகொண்டே இருப்பது. கால் வீங்கி ஷூ கழற்ற முடியாது. சனி, ஞாயிறுதான் ஹோட்டலில் கூட்டம், அதனால் ஞாயிற்றுக்கிழமை லீவு என்ற பேச்சே கிடையாது. அப்பாவுக்கு ஞாயிறு, எனக்குச் செவ்வாய். இந்தத் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ரயிலில் போக எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அந்தச் சின்ன இடத்துக்குள் அவர் ஒருபக்கம், நான் ஒருபக்கம். மாதத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாற்றிக் கிடைத்தால் தேக்காவில் பார்ப்போம். மற்ற நாளெல்லாம் போன்தான், அறந்தாங்கியில் இருந்தபோது போலவே.

ஹோட்டலில் எனக்கு மேலே இருந்தவர் ஷீலா அக்கா. இங்கேயே பிறந்தவர், அவருடைய தாத்தா காலத்தில் வந்த குடும்பம், பேச்சின் முடிவில் இந்த ஊர் வழக்கப்படி லா போடுவார். ஒருநாள் தட்டுகளோடு நான் தள்ளாடியதைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று நான் சொன்னதையும் கேட்டுவிட்டு, லினன் ரூமுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்.

"நீ ரொம்ப ப்ரௌட் லா. டயர்டா இருந்தா டயர்டுன்னு சொல்லு. இங்க யாரும் உனக்கு மெடல் தரமாட்டாங்க."

எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் உட்கார்ந்தேன். துவைத்த துணியின் சூடான மணத்தில் அப்படியே தூங்கிப்போனேன். எழுப்பாமல் விட்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா பஸ்ஸிலிருந்து பேசும்போது அதைச் சொன்னார். யார்டில் ஏணி ஏறுவது முழங்காலுக்கு ஆகவில்லை. போன முறையே கிளம்பியிருக்க வேண்டும். பெர்மிட்டை இன்னொரு முறை நீட்டியது எனக்காக.

"பொம்பளப்புள்ளைய தனியா விட்டுட்டுப் போறதான்னுதான் இருக்கேன். ஒனக்கு வேலை பாஸ் கெடைச்சு நீ ஒரு வேலையில நின்னுட்டன்னா நான் கெளம்பிருவேன் பாப்பா. அது வரைக்கும் தாங்கிப்பேன்."

சரிப்பா என்றேன். வைத்த பிறகுதான் கணக்குப் புரிந்தது. கணக்கில் நூறு வாங்கியவளுக்கு. ஹோட்டல் எனக்கு பாஸ் போட்டால் நான் இங்கே இருப்பேன், அவர் போவார். போடாவிட்டால் இரண்டு பேரும் ஊருக்குப் போவோம். நான் தோற்றவளாக, அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. எந்தப் பக்கம் பார்த்தாலும், நான் எதற்காக வந்தேனோ அது இல்லை. எனக்கு வேலையும் வேண்டும், அப்பாவும் இங்கே வேண்டும். அதே நேரத்தில், அவர் ஏணியில் ஒரு காலை மெதுவாக வைத்து ஏறுவதை நினைத்தால் இன்றைக்கே போய்விடுங்கள் என்று சொல்லத் தோன்றும். அந்த மாதங்களில் நான் நாப்கினை மிக நேர்த்தியாக மடித்தேன். வேறு எதுவும் என் கையில் இல்லை.

ஒரு புதன்கிழமை ஷீலா அக்கா வந்து, பாஸ் அப்ரூவ் ஆயிருச்சு, கங்கிராட்ஸ் லா என்று சொல்லி என் முதுகில் தட்டினார். தேங்க்ஸ் அக்கா என்றேன். அழுவேன் என்று எதிர்பார்த்தார் போல. நான் லினன் ரூமுக்குப் போய் அடுக்கி வைத்ததையெல்லாம் கலைத்து மறுபடியும் அடுக்கினேன். அப்பாவிடம் போனில் சொல்லவில்லை. இதையாவது நேரில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஷிஃப்ட் மாற்றிக் கேட்டேன். ஷீலா அக்கா காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்.

புல்வெளியில் உட்கார்ந்தோம். பொட்டலம் பிரித்தோம். இன்னும் கொஞ்சம் வாங்கட்டுமா என்றார். முருகேசன் மாமா என்னைப் பார்த்து, இன்னிக்காவது சிக்னல் விழுமா என்று கேட்டார். விழவில்லை. நாலைந்து தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் குடித்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. வரட்டா பாப்பா என்று எழுந்தார். ரோட்டைத் தாண்டினார், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு. நான் இந்தப் பக்கமே நின்றேன்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர் பஸ் நிற்கிற இடத்துக்குப் போகவில்லை. நின்று திரும்பினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். என் கையில் இருந்த போன் அடித்தது. நடுவில் பஸ்ஸும் டாக்ஸியும் போய்க்கொண்டிருந்தன. அவை விலகும்போது அவர் தெரிந்தார்.

"சொல்லு பாப்பா" என்றார். "என்னமோ சொல்லத்தான் வந்துருக்க. காலைலேருந்து பாக்குறேன்."

பச்சை மனிதன் வந்தான். கம்பம் கத்தத் தொடங்கியது, என் காதிலும் போனிலும் ஒரே நேரத்தில். அவ்வளவுதான். பாஸ் கிடைச்சிருச்சுப்பா புதன்கிழமையே கிடைச்சிருச்சு அந்த ஹோட்டல்லயே ஷீலா அக்கா சொன்னாங்க நீங்க போயிடுவீங்கன்னுதான் சொல்லல நான் இங்க படிக்க வரல நீங்க இருக்கீங்கன்னுதான் வந்தேன் இருந்தும் பாக்கவே முடியல உங்க முழங்காலைப் பாத்தா போங்கன்னு சொல்லத் தோணுது போகாதீங்கன்னும் தோணுது என்ன செய்யறதுன்னு தெரியல ரூம்ல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்துட்டேன் ஒங்களுக்கு இன்னும் வாங்கல. ஒரே மூச்சு. ரோட்டைத் தாண்டுகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சத்தம் நின்றது. சிவப்பு மனிதன் வந்துவிட்டான். அந்தப் பக்கம் அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அப்பாடா" என்றார். "ரயிலு வந்துருச்சு."

அப்போதுதான் அவரிடம் அதைச் சொன்னேன். அந்த மணி, அம்மா சொன்னது, காசு தீரப்போவுது, எதிர்வீட்டு அக்காவின் பொறாமை, எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து அந்தக் கம்பத்தைப் பார்த்தார்.

"அது ரோடு தாண்டுற சத்தம் பாப்பா. காசெல்லாம் தீரல. கார்டுல இன்னும் கெடக்கும். நீங்க வச்சிருவீங்க. புள்ளைக்குப் படிக்கிற வேலை இருக்கும்போலன்னு நானும் போயிருவேன்."

பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டார். அன்றைக்கு விடுதி வாசல்வரை இருவருமே பேசவில்லை. ஆனால் யாரும் வைக்கவும் இல்லை. பஸ்ஸின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நான் வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த மாதம் போய்விட்டார். நாள் குறித்து முன்கூட்டிச் சொல்லவில்லை அவருடைய கம்பெனி. ஒரு வேலை நாளில், காலையில் சொல்லி மத்தியானம் வேனில் ஏற்றி விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஒரு கல்யாண விருந்துக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் அப்பா போன் செய்தார். போய்ட்டு வர்றேன் பாப்பா என்றார். வர்றேன் என்ற சொல்லை இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது தேக்கா பக்கம் போனால் எனக்குத் தெரிந்தது அதிகம் இல்லை. போன் கார்டுக் கடை இருந்த இடத்தில் பெட்டி, சூட்கேஸ் விற்கிறார்கள். கடைச் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்று, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, ஊருக்குக் கத்திப் பேசுகிற ஆட்கள் இல்லை. எல்லோரும் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து மெதுவாகப் பேசுகிறார்கள். முருகேசன் மாமா வேறு கம்பெனிக்கு மாறி பாசிர் ரிஸ் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. புல்வெளியோரத்தில் வேறு ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தனி அறை எடுத்துவிட்டேன், அதில் தாளிக்கலாம். ஆனால் வேலை முடிந்து வந்து தாளிக்கத் தெம்பு இருப்பதில்லை. குக்கரிலேயே எல்லாம்.

அப்பா போன பிறகு, லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சிக்னல் பக்கத்தில் நின்றுதான் அவரிடம் பேசுவேன். வேண்டுமென்றேதான். மணி அடித்ததும் அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்கும். அடிக்கிறான் பாரு, ஓட்டு ரயிலை என்பார். நான் ஓட்டுவேன். அப்படி ஒரு ஏற்பாடு எங்களுக்குள் இருந்தது, பழைய போன் இருந்தவரை.

இந்த ஞாயிறு மறுபடியும் கடைக்குப் போய், இந்தச் சத்தம் மறைக்கிற வித்தையை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் ரொம்ப நேரம் தேடிப் பார்த்தார். அது போனுக்கு உள்ளேயே இருக்கிறதாம், நிறுத்த முடியாதாம். "எல்லாரும் சத்தம் போகக்கூடாதுன்னு கேப்பாங்க. நீங்கதான்கா போகணும்னு கேக்குறீங்க" என்றார்.

வெளியே வந்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, அப்பாவுக்குப் போட்டேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பச்சை மனிதன் வந்தான். கம்பம் கத்தியது. பழக்கம், என்ன செய்வது. நான் வேகமாகப் பேசத் தொடங்கிவிட்டேன். புது ஷிஃப்ட், ஷீலா அக்காவின் பொண்ணுக்குக் கல்யாணம், தீபாவளிக்கு லீவு கேட்டிருப்பது.

அப்பா இடையில் நிறுத்தினார்.

"மெதுவாப் பேசு பாப்பா. எதுக்கு இவ்வளவு அவசரம்?"